கெர்னல் பாதுகாப்பு வசதிக்கு பூட் நேரச் சுவிட்ச்: முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கெர்னலில் ஒரு பாதுகாப்புச் சோதனையை எழுதி முடித்துவிட்டீர்கள். கான்ஃபிக்கில் ஆன் செய்து கம்பைல் செய்தால் ஓடுகிறது, ஆஃப் செய்தால் தடயமே இல்லை. உங்கள் மடிக்கணினிக்கு இது போதும். டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் விநியோகம், நடத்துபவர்களுக்குப் போதாது. வங்கி சர்வரும் வீட்டு லேப்டாப்பும் பாக்கெட் விழுங்கும் நெட்வொர்க் பெட்டியும் அவர்களிடமிருந்து பெறுவது ஒரே கெர்னல் பைனரி. "எனக்கு மட்டும் இது வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அவருக்காகத் தனி பைனரி கட்ட முடியாது. பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கப்படும் கட்டளை வரி) ஒரு சொல்லைச் சேர்த்து அணைக்க வழி இருந்தால், அந்த வசதியை மற்ற எல்லோருக்கும் ஆன் நிலையில் தைரியமாக அனுப்பலாம். பூட் சுவிட்சுக்கு நான் கண்ட நல்ல நியாயம் இதுதான்: ஒருவர் அணைக்க முடிவதால்தான் மற்றவர்களுக்கு அது கிடைக்கிறது.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: ஹார்டன்ட் யூசர்காப்பி. கெர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையே தரவு நகலாகும்போது, கெர்னல் பக்கத்து முகவரியும் நீளமும் ஒரே பொருளின் எல்லைக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. 2016-ல் 4.8 கெர்னலில் வந்தது. அப்போது கம்பைல் நேரத் தேர்வு மட்டுமே இருந்தது. யுடிபி பாக்கெட்டுகளை வெள்ளமாக அனுப்பிப் பார்த்தால் வேகம் 8 சதவீதம் வரை குறைகிறது என்று அளந்து காட்டி, 2018-ல் 4.19-ல் பூட் பாராமீட்டர் சேர்த்தார்கள். அந்த ஒட்டு (பேட்ச்), மொத்தமே சில பத்து வரிகள்தான். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணங்களைத்தான் கீழே பிரித்துப் பார்க்கப் போகிறோம். சி மொழியும், கெர்னலை ஒரு தடவையாவது கம்பைல் செய்த அனுபவமும் இருந்தால் தொடரலாம். நிரல் பெயர்களை உச்சரிப்புப்படியே எழுதுகிறேன். 4.19 கெர்னல் மூலத்தின் எம்எம் அடைவில் யூசர்காப்பி கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் வரிக்கு வரி பொருத்திப் பார்க்கலாம்.

முதல் படி: பூட்டிலா, ஓடும்போதா?

சுவிட்ச் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது சிஸ்கன்ட்ரோல். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோப்பில் 0 எழுதினால் அணைந்துவிடும். வசதிதான். ஆனால் அந்த வசதி தாக்குபவனுக்கும் சேர்த்தே கிடைக்கிறது. கெர்னல் நினைவகத்தில் ஒரே ஒரு இடத்தில் எழுத அவனுக்கு ஓட்டை கிடைத்தால் போதும், முதல் வேலையாக உங்கள் சுவிட்ச் மாறியைப் பூஜ்யமாக்குவான். அப்புறம் சோதனையும் இல்லை, தடையும் இல்லை.

இந்தப் பாடத்தை, கெர்னலின் அணுகல் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இலினக்ஸ் நீண்ட காலம் சுமந்தது. ஓடும் கெர்னலில் எஸ்இலினக்ஸை முழுதாகக் கழற்றிவிடும் வசதி முன்பு இருந்தது. கழற்ற முடிய வேண்டும் என்றால், பாதுகாப்புக் கொக்கிகளின் (அனுமதிச் சோதனைகளை அழைக்கும் இணைப்புகள்) பட்டியல் எழுதக்கூடிய நினைவகத்தில் இருந்தாக வேண்டும். அதாவது ஒருவர் ஒருமுறை அணைப்பதற்காக, அந்தத் தேர்வோடு கம்பைல் ஆன எல்லா கெர்னல்களிலும் கொக்கிகள் திறந்தே கிடந்தன. கடைசியில் 2023-ல் 6.4 கெர்னலில் அந்த வசதியைத் தூக்கிவிட்டார்கள். இப்போது எஸ்இலினக்ஸே வேண்டாம் என்பவர்கள் பூட் வரியில் எஸ்இலினக்ஸ்=0 என்று கொடுக்க வேண்டும்.

ஆகவே விதி: பூட் ஆகும்போது ஒருமுறை முடிவு, அதன்பின் பூட்டு. ஓடும்போது மாற்றக் கேட்டு யாராவது வந்தால், எதற்கு என்று இரண்டு தடவை கேளுங்கள். பெரும்பாலும் ஒரு ரீபூட்டோடு தீரும் தேவையாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: முடிவு எப்போது தெரிய வேண்டும்?

பூட் நேரம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். உள்ளே அது பல கட்டங்கள். உங்கள் வசதி எந்தக் கட்டத்துக்கு முன்னால் தன் நிலையைத் தெரிந்துகொண்டாக வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள்.

ஒரு ஓரத்தில் கேஏஎஸ்எல்ஆர் இருக்கிறது. கெர்னலைச் சீரற்ற முகவரியில் ஏற்றும் வசதி அது. கெர்னல் இன்னும் சுருக்கத்திலிருந்து விரிக்கப்படாத நேரத்திலேயே அதன் முடிவு நடந்துவிடுகிறது. எனவே எக்ஸ்86-ல் விரிக்கும் நிரலே பூட் வரியைத் தானாகத் தேடி, நோகேஏஎஸ்எல்ஆர் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது. கெர்னலின் வழக்கமான பாராமீட்டர் இயந்திரம் எதுவும் அப்போது உயிரோடு இல்லை.

நடுவில் இனிட்-ஆன்-அல்லாக் இருக்கிறது, 2019-ல் 5.3-ல் வந்தது. நினைவகம் ஒதுக்கும்போதே அதைப் பூஜ்யத்தால் நிரப்பும். பக்க ஒதுக்கி வேலையைத் தொடங்கும் முன்பே இதன் முடிவு தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் ஒதுக்கப்பட்ட பக்கங்கள் நிரப்பப்படாமலே போயிருக்கும்.

மறு ஓரத்தில் யூசர்காப்பி. பயனர் நிரல் ஓடத் தொடங்கும் வரை அவசரமே இல்லை. அதனால்தான் 4.19-ல் வந்த வடிவம் பாராமீட்டரைச் சாதாரணமாகப் படித்துவிட்டு, உண்மையான அணைப்பை லேட் இனிட்கால் கட்டத்துக்கு, அதாவது கெர்னலின் கடைசித் தொடக்க ஃபங்ஷன்கள் ஓடும் நேரத்துக்கு, தள்ளியது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: அணைக்கச் சொன்ன கணினியிலும் அந்தக் கட்டம் வரை சோதனை ஓடிக்கொண்டுதான் இருக்கும். கொஞ்சம் நேரம் வீண், ஆபத்து எதுவும் இல்லை. தலைகீழாக, அணைந்த நிலையில் தொடங்கிப் பிற்பாடு ஆன் செய்யும்படி எழுதியிருந்தால், நடுவில் காவல் இல்லாத ஒரு இடைவெளி உருவாகியிருக்கும். காவலோடு தொடங்குங்கள், சொன்னால் மட்டும் விலக்குங்கள்.

மூன்றாம் படி: பெயர்

பழைய பாராமீட்டர்கள் பல 'நோ' என்று தொடங்கும்: நோபிடிஐ, நோகேஏஎஸ்எல்ஆர். எழுத எளிது, அணைக்க மட்டுமே பயன்படும். நாளைக்கு ஒரு டிஸ்ட்ரோ உங்கள் வசதியை இயல்பாக ஆஃப் நிலையில் கம்பைல் செய்தால், அதை ஆன் செய்ய விரும்புபவருக்கு வழியே இருக்காது. 'பெயர்=மதிப்பு' வடிவமே நல்லது:

ஹார்டன்ட்_யூசர்காப்பி=ஆஃப்

பெயரில் இடைக்கோடு போட்டாலும் அடிக்கோடு போட்டாலும் கெர்னலின் பாராமீட்டர் படிப்பான் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயர் வசதியைச் சொல்ல வேண்டும், அதைச் செயல்படுத்தும் முறையைச் சொல்லக் கூடாது. முறை மாறும், பூட் வரிகள் பத்து வருடம் அப்படியே கிடக்கும்.

உங்கள் வசதி சிபியு பிழைகளுக்கான தற்காப்பு என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2019-ல் 5.2-ல் வந்த மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் என்ற ஒட்டுமொத்தச் சுவிட்சுக்கும் அது கீழ்ப்படிய வேண்டும். அப்படி இல்லாவிட்டால் பயனர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாக நினைப்பார், உங்களுடையது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கான்ஃபிக் பக்கம் அதிக வேலை இல்லை. இரண்டு தேர்வுகள் வையுங்கள்: நிரலை உள்ளே கட்டலாமா என்பது ஒன்று, கட்டினால் இயல்புநிலை ஆனா ஆஃபா என்பது இன்னொன்று. இனிட்-ஆன்-அல்லாக்கில் நிரல் எப்போதும் உள்ளேயே இருப்பதால் இரண்டாவது மட்டும் உண்டு. பூட் வரி இரண்டாவதை மட்டுமே மீறும்.

நான்காம் படி: மதிப்பைப் படிக்கும் ஃபங்ஷன்

இங்கேதான் ஆள் வழுக்குவார். பூட் வரியைப் படிக்க இரண்டு மேக்ரோக்கள் உள்ளன: எர்லி-பாராம், செட்அப். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், குணம் நேர்மாறு.

எர்லி-பாராம் பெயரை முழுதாகப் பொருத்திப் பார்க்கும். பெயரின் கடைசியில் சமக்குறி போடக் கூடாது. வெற்றி என்றால் உங்கள் ஃபங்ஷன் 0 திருப்ப வேண்டும். வேறு எதைத் திருப்பினாலும் பாராமீட்டரின் வடிவம் தவறு என்று லாகில் எச்சரிக்கை விழும்.

செட்அப் முன்னொட்டாகப் பொருத்தும். சமக்குறி இல்லாமல் 'கேடயம்' என்று பதிந்தால், 'கேடயம்பழையது=1' என்று வேறு யாரோ கொடுத்ததும் உங்கள் ஃபங்ஷனுக்கே வந்து சேரும். ஆகவே சமக்குறியோடு பதிய வேண்டும். இதில் 'நான் எடுத்துக்கொண்டேன்' என்பதற்கு 1 திருப்ப வேண்டும். வழக்கமான சி பழக்கத்தில் 0 திருப்பினால், "இது எனக்குத் தெரியாத சொல்" என்று கெர்னல் புரிந்துகொண்டு அதை இனிட் நிரலின் (கெர்னல் தொடங்கிவைக்கும் முதல் பயனர் நிரல்) சூழல் மாறியாக அனுப்பிவிடும். வசதி என்னவோ சரியாகவே வேலை செய்யும், மாறியும் மாறியிருக்கும். லாகில் மட்டும் 'தெரியாத கெர்னல் பாராமீட்டர், பயனர் வெளிக்கு அனுப்பப்படும்' என்ற வரியில் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். கெர்னல் மூலத்திலேயே இந்தத் தவறு பல இடங்களில் இருந்து, பிறகு வரிசையாகத் திருத்தப்பட்டது.

அடுத்தது என் சொந்தக் கதை. என் முதல் பூட் பாராமீட்டருக்கு எர்லி-பாராம் ஃபங்ஷனில் நேராக எஸ்டிஆர்சிஎம்பி போட்டு, வந்த மதிப்பு 'ஆஃப்' தானா என்று ஒப்பிட்டேன். ஆன் கொடுத்தேன், ஓடியது. ஆஃப் கொடுத்தேன், ஓடியது. அவசரத்தில் ஒரு தடவை சமக்குறியும் மதிப்பும் இல்லாமல் வெறும் பெயரை மட்டும் அடித்துவிட்டேன். திரை கறுப்பு. ஒரு எழுத்துகூட வரவில்லை. கன்சோல் அமைப்பில்தான் கோளாறு என்று நம்பி அரை நாள் அதையே நோண்டினேன். பிறகு, கன்சோல் வரும் முன்பே லாகை சீரியல் போர்ட்டில் காட்டும் எர்லிபிரின்ட்கே=சீரியல் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சமக்குறி இல்லாதபோது மதிப்பாக வருவது நல் சுட்டி. அதைப் போய் ஒப்பிட்டதால், கன்சோல் பிறப்பதற்கு முன்பே கெர்னல் செத்துப்போயிருந்தது.

இதைத் தவிர்க்க எளிய வழி, மதிப்பை நீங்களே ஒப்பிடாமல் கேஸ்ட்ர்டூபூல் ஃபங்ஷனிடம் விடுவது. நல் வந்தால் அது பிழைக்குறி திருப்பும். ஒய், 1, ஆன் என்றால் உண்மை. என், 0, ஆஃப் என்றால் பொய். அதன் ஒரு குணத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: அது முதல் எழுத்தை மட்டுமே பார்க்கும். 'ஓ' எழுத்தில் தொடங்கினால் இரண்டாவதையும் பார்க்கும். எனவே 'நெவர்' என்று கொடுத்தாலும் பொய்தான், '1000' என்று கொடுத்தாலும் உண்மைதான். புதிய கெர்னல்களில் ட்ரூ, ஃபால்ஸ் என்பவற்றின் முதல் எழுத்துகளும் சேர்ந்துவிட்டன. ஆகவே 'கட்டாயம் ஆன்' என்ற பொருளில் ஒருவர் 'ஃபோர்ஸ்' என்று அடித்தால் அது ஃபால்ஸ் ஆகி வசதி அணைந்துவிடும்! மூன்றாவதாக ஒரு நிலை உங்களுக்குத் தேவை என்றால், அதை முதலில் தனியாக ஒப்பிட்டுவிட்டு மிச்சத்தைத்தான் இந்த ஃபங்ஷனிடம் தர வேண்டும்.

புரியாத மதிப்பு வந்தால்? எச்சரிக்கை எழுதுங்கள், இயல்புநிலையைத் தொடாதீர்கள். எழுத்துப்பிழையால் காவல் விலகக் கூடாது.

ஒரே பாராமீட்டர் பூட் வரியில் இரண்டு முறை வரலாம். டிஸ்ட்ரோ ஒன்றைப் போட்டிருக்கும், பயனர் கடைசியில் இன்னொன்றைச் சேர்த்திருப்பார். உங்கள் ஃபங்ஷன் இரண்டு தடவையும் அழைக்கப்படும். கடைசியாக வந்தது வெல்ல வேண்டும் என்றால், ஃபங்ஷனுக்குள் ஒரு மாறியில் மதிப்பைக் குறித்துவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செயலை அங்கே செய்யாதீர்கள். அந்த மாறியை இனிட்டேட்டா பகுதியில் வைத்தால் பூட் முடிந்ததும் அதன் நினைவகமும் விடுவிக்கப்பட்டுவிடும். யூசர்காப்பி செய்தது இதையே: குறித்துவைக்க ஒரு ஃபங்ஷன், பிற்பாடு செயல்படுத்த ஒரு ஃபங்ஷன்.

ஐந்தாம் படி: விலை இல்லாத சுவிட்ச்

இனி சோதனை நடக்கும் இடத்துக்கு வருவோம். 'அணைத்திருந்தால் திரும்பிப் போ' என்று ஒரு இஃப் போட்டால் ஆகிவிடாதா? ஆகும். ஆனால் யூசர்காப்பி மாதிரி ஒவ்வொரு ரீடிலும் ரைட்டிலும் ஓடும் இடத்தில், ஒவ்வொரு முறையும் ஒரு மாறியை நினைவகத்திலிருந்து எடுத்து, ஒப்பிட்டு, தாவ வேண்டும். சோதனையை வைத்திருப்பவர் சுவிட்சுக்காகவும் சேர்த்து விலை கொடுக்கிறார். அதோடு, நிபந்தனைத் தாவல் என்றால் சிபியு ஊகித்து ஓடும். தவறாக ஊகித்தால் அணைக்கப்படாத சோதனையையும் ஒரு கணம் தாண்டி ஓடிவிடும். இந்த ஊகத்தைச் சுரண்டிய ஸ்பெக்டர் தாக்குதலுக்குப் பிறகு யாரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதற்குத்தான் ஸ்டாட்டிக் கீ. கிட்டே போய்ப் பார்க்கலாம். 'ஸ்டாட்டிக்-பிராஞ்ச்-அன்லைக்லி' என்று எழுதிய இடத்தில் எக்ஸ்86 கம்பைலர் ஒப்பீடு எதையும் வைப்பதில்லை. பெரும்பாலும் 5 பைட் நீளமுள்ள ஒரு வெற்றுக் கட்டளையை, அதாவது நாப்பை வைக்கிறது. சிபியு அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய் சோதனையை ஓட்டும். கீயை நீங்கள் இயக்கியதும், கெர்னல் தன் சொந்த நிரலைத் திருத்தி எழுதும். முதலில் அந்த 5 பைட்டில் முதல் பைட்டின் மேல் இன்ட்-3 என்ற பிரேக்பாயின்ட் கட்டளையை வைக்கும். அந்த நேரத்தில் வேறு எந்த சிபியு அங்கே வந்தாலும் பொறியில் சிக்கி, பத்திரமாகத் திசைதிருப்பப்படும். பிறகு மிச்ச 4 பைட்டை, தாவ வேண்டிய தூரமாக எழுதும். கடைசியில் முதல் பைட்டை ஜம்ப் கட்டளையாக மாற்றும். ஒவ்வொரு அடிக்கும் நடுவே எல்லா சிபியுக்களும் ஒத்திசைக்கப்படும். முடிந்தபின் அந்த இடத்தில் இருப்பது நிபந்தனை இல்லாத நேரடித் தாவல். ஊகிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

கீயின் பெயரையும் தொடக்கநிலையையும் யோசித்து வையுங்கள். 4.19-ல் வந்த யூசர்காப்பி வடிவத்தில் கீயின் பெயர் 'பைபாஸ்', தொடக்கம் ஃபால்ஸ். அதாவது கீ இயங்கினால் சோதனை தவிர்க்கப்படும். யாராவது அதைத் தொட மறந்தாலும் சோதனை ஓடும். கான்ஃபிக் வழியாக இயல்புநிலை மாறக்கூடியது என்றால், ஸ்டாட்டிக் கீ மேபி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கீயைப் பார்க்கும் இடத்தில் ஸ்டாட்டிக்-பிராஞ்ச்-மேபி என்று எழுதினால், கான்ஃபிக் சொல்லும் பக்கத்தில் நாப் இருக்கும்.

கீயை எப்போது இயக்குவது? ஸ்டாட்டிக் கீக்கு அடிப்படையான ஜம்ப்-லேபிள் ஏற்பாடு தொடங்கப்படுவதற்கு முன்னால் தொட்டால் எச்சரிக்கை விழும். எக்ஸ்86, ஏஆர்எம்64 இரண்டிலும் எர்லி பாராமீட்டர்களைப் படிக்கும் முன்பே அது தயாராகிவிடும். எல்லாக் கட்டமைப்பிலும் அதே வரிசை இருக்கும் என்று நம்பி எழுத வேண்டாம். முந்தைய படியில் படிப்பதையும் செய்வதையும் பிரித்தோமே, அந்தப் பிரிப்பு இங்கேயும் உதவுகிறது.

கடைசியாக, பூட்டு. கீயை ஆர்ஓ (ரீட்-ஒன்லி, படிக்க மட்டும்) வகையாக அறிவியுங்கள். அப்படிச் செய்தால் அது ஆர்ஓ-ஆஃப்டர்-இனிட் பகுதிக்குப் போகும். 2016-ல் 4.6-ல் வந்த ஏற்பாடு இது: பூட் நடக்கும் வரை எழுதலாம், இனிட்கால்கள் முடிந்து, முதல் பயனர் நிரல் தொடங்கும் முன்பு அந்தப் பக்கங்கள் படிக்க மட்டுமே என்று ஆகிவிடும். முதல் படியில் சொன்ன தாக்குபவன் இப்போது அந்த மாறியில் எழுதப் போனால், அவனுக்குக் கிடைப்பது பேஜ் ஃபால்ட். இந்த ஒரு குறிச்சொல்லை விட்டுவிட்டால், இதுவரை செய்த வேலை முழுக்க அலங்காரம்தான்.

ஆறாம் படி: நிலையைச் சொல்லுங்கள்

ப்ராக் அடைவின் சிஎம்டிலைன் கோப்பு, பயனர் என்ன கேட்டார் என்பதைக் காட்டும். என்ன நடந்தது என்பது வேறு கதை. இனிட்-ஆன்-அல்லாக் கேட்டிருப்பார், விடுவித்த பக்கங்களை ஒரு குறி மதிப்பால் நிரப்பும் பேஜ் பாய்சனிங் ஓடிக்கொண்டிருந்தால் அதற்கே முன்னுரிமை. கேட்டது நடக்காது. அதனால் அந்த வசதி பூட்டின்போது தன் உண்மை நிலையை ஒரு வரியாக எழுதுகிறது: மெம் ஆட்டோ-இனிட் என்று தொடங்கி, ஸ்டாக் எப்படி, ஹீப் ஒதுக்கும்போது எப்படி, விடுவிக்கும்போது எப்படி என்று. சிபியு பிழைகளுக்கு 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் வெளியானபோதே சிஸ் அடைவில் வல்னரபிலிட்டீஸ் என்ற தனி இடம் வந்தது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோப்பு: பாதிப்பில்லை, தற்காப்பு உண்டு, பாதிக்கப்படக்கூடியது என்று சொல்லிவிடும்.

உங்களுடையது சின்ன வசதி என்றால் ஒரு லாக் வரி போதும். அணைக்கப்பட்டால் கட்டாயம் எழுதுங்கள். பாராமீட்டரைப் படிக்கும் ஃபங்ஷனிலிருந்து எழுதாதீர்கள், நிலை முடிவான இடத்திலிருந்து எழுதுங்கள். எக்ஸ்86-ல் பூட் வரியின் நீளம் 2048 எழுத்துகளோடு வெட்டப்படும் என்பதும் நினைவிருக்கட்டும். நீளமான வரியின் வாலில் சேர்த்த சொல் கெர்னலை எட்டவே எட்டாது.

ஏழாம் படி: உடைத்துப் பாருங்கள்

கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினி நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்னல் படிமத்தை நேராகக் கொடுத்து, அப்பென்ட் தேர்வில் பூட் வரியைத் தந்தால், ஒரு சுற்றுக்குச் சில நொடிகள்தான் ஆகும். நிஜக் கணினியில் ஒரே ஒரு தடவை சோதிக்க வேண்டுமானால், கிரப் (கெர்னலை ஏற்றும் பூட் லோடர்) மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சொல்லைச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். அடுத்த ரீபூட்டில் அது மறைந்துவிடும்.

கொடுத்துப் பார்க்க வேண்டியவை: எதுவுமில்லாமல், ஆன், ஆஃப், அர்த்தமில்லாத ஒரு சொல், வெறும் பெயர், சமக்குறி மட்டும், ஆனும் ஆஃபும் சேர்த்து, ஆஃபும் ஆனும் சேர்த்து. இதில் வெறும் பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தீர்கள்.

ஆன் நிலையில் சோதனை உண்மையிலேயே பிடிக்கிறதா என்று தெரிய எல்கேடிடிஎம் இருக்கிறது. கெர்னலை வேண்டுமென்றே தவறு செய்ய வைக்கும் மாட்யூல் அது. அதோடு கம்பைல் செய்து, பிழைதிருத்தத்துக்கான கோப்பு அமைப்பான டீபக்எஃப்எஸ்ஸில் ப்ரோவோக்-கிராஷ் அடைவின் டைரக்ட் கோப்பில் யூசர்காப்பி சோதனைகளில் ஒன்றின் பெயரை எழுதுங்கள். ஆன் என்றால் கெர்னல் நினைவகத்தை வெளிக்காட்டும் முயற்சி கண்டுபிடிக்கப்பட்டது என்று எத்தனை பைட், எந்த ஆஃப்செட் என்ற விவரத்தோடு லாகில் விழுந்து, எழுதிய புராசஸ் கொல்லப்படும். ஆஃப் என்றால் நகல் நடந்து முடியும். பூட் வரியில் அணைத்ததால் இது எதிர்பார்த்ததாக இருக்கலாம் என்று எல்கேடிடிஎம்மே குறிப்பு தரும். மெய்நிகர் கணினியில் மட்டும் செய்யுங்கள்.

வேகத்தை அளக்கும்போது மூன்று கெர்னல்களை ஒப்பிட வேண்டும்: வசதியே கட்டப்படாதது, கட்டி பூட்டில் அணைத்தது, கட்டி ஆன் செய்தது. எல்லோரும் முதலாவதையும் மூன்றாவதையும்தான் அளப்பார்கள். உங்கள் சுவிட்சின் தரம் தெரிவது முதல் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில். அங்கே அளக்கத்தக்க இடைவெளி இருந்தால், சூடான பாதையில் எங்கோ ஸ்டாட்டிக் கீக்குப் பதில் சாதாரண மாறி நுழைந்திருக்கிறது, அல்லது கீயைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு ஃபங்ஷன் அழைப்பு நடக்கிறது. மூன்றாவதற்கான எண்ணையும் மறைக்காமல் கான்ஃபிக் உதவிக் குறிப்பில் எழுதுங்கள். இனிட்-ஆன்-அல்லாக்கின் குறிப்பு, பெரும்பாலான வேலைகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு, சில செயற்கைச் சோதனைகளில் 7 வரை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் டிஸ்ட்ரோக்காரர் இயல்புநிலையைத் தேர்வு செய்வார்.

எட்டாம் படி: சுவிட்ச் யார் கையில்?

பூட் வரியை எழுத முடிந்தவர் உங்கள் வசதியை அணைக்க முடியும். அது யார்? ரூட், கிரப் அமைப்பை மாற்றி ரீபூட் செய்யலாம். கேஎக்ஸெக் இருந்தால் முழு ரீபூட்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். புதிய கெர்னலைப் புதிய வரியோடு நேராகத் தொடங்கலாம். விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்திருப்பவர், கிரப்பில் கடவுச்சொல் இல்லையென்றால் மெனுவிலேயே மாற்றலாம்.

கையொப்பமிட்ட நிரலை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட் இருக்கிறதே என்பார்கள். ஷிம் (கிரப்புக்கு முன் ஓடும் சின்ன ஏற்றி), கிரப் வழியாக வரும் வழக்கமான அமைப்பில் கெர்னல் படிமத்துக்குத்தான் கையொப்பம், பூட் வரிக்கு இல்லை. வரியையும் சேர்த்துப் பூட்ட வேண்டும் என்றால் கெர்னல், இனிட்ஆர்டி (பூட்டின் தொடக்கத்தில் தேவைப்படும் கோப்புகளின் தொகுப்பு), பூட் வரி மூன்றையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கையொப்பமிடும் யூகேஐ முறை இருக்கிறது. இல்லையென்றால் கெர்னலைக் கம்பைல் செய்யும்போதே வரியை உள்ளே பதித்து, வெளியிலிருந்து வருவதைப் புறக்கணிக்கச் சொல்லலாம்; எக்ஸ்86-ல் சிஎம்டிலைன் ஓவர்ரைடு, ஏஆர்எம்64-ல் சிஎம்டிலைன் ஃபோர்ஸ். தடுக்க வேண்டாம், தெரிந்தால் போதும் என்றால், கிரப் தான் கொடுக்கும் பூட் வரியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் 8-ஆம் பிசிஆரில் (அளவீடுகளைச் சேர்த்துவைக்கும் பதிவகம்) அளந்து பதிக்கிறது. அந்த மதிப்போடு வட்டின் சாவியைக் கட்டியிருந்தால், வரி மாறிய கணினிக்குச் சாவி கிடைக்காது.

இதெல்லாம் உங்கள் ஒட்டில் வரும் வேலை இல்லை. ஆனால் ஒட்டை மதிப்பாய்வு செய்பவர் "ரூட் அணைத்துவிட்டால்?" என்று கட்டாயம் கேட்பார். உங்கள் வசதி ரூட் அல்லாதவரிடமிருந்து காக்கிறதா, ரூட்டிடமிருந்தும் காக்கிறதா என்பதைக் கமிட் செய்தியில் முதலிலேயே எழுதிவிடுங்கள். யூசர்காப்பி முதல் வகை. அதற்கு பூட் வரிச் சுவிட்ச் எந்த இழப்பும் இல்லை. உங்களுடையது இரண்டாம் வகை என்றால் சுவிட்ச் வைப்பதற்கு முன் இன்னொரு தடவை யோசிக்க வேண்டியிருக்கும்.

ஒட்டை அனுப்பும் முன்

டாக்குமென்டேஷன் அடைவில், அட்மின் கைடு பகுதியில் கெர்னல் பாராமீட்டர்கள் என்ற ஒரு நீளமான கோப்பு இருக்கிறது. அகரவரிசையில் உங்கள் பெயரை அதன் இடத்தில் செருகுங்கள். அடைப்புக்குள் கேஎன்எல் என்ற குறி, ஏற்கும் மதிப்புகள், இயல்புநிலை, அணைத்தால் என்ன இழப்பு என்று நான்கைந்து வரி. செட்அப் மேக்ரோவில் பதிந்துவிட்டு இதை மறந்தால், ஒட்டுகளைச் சரிபார்க்கும் செக்பேட்ச் நிரலே, ஸ்ட்ரிக்ட் தேர்வோடு ஓட்டும்போது, ஆவணம் இல்லை என்று முறைக்கும். 'அணைத்தால் வேகம் கூடும்' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள்; வேகம் தேடி வருபவர் அந்தப் பாதியை மட்டும் படித்து, அப்படியே தன் கிரப் கோப்பில் ஒட்டிக்கொண்டு போய்விடுவார்.